18 ரெசிஸ்டர்களும் ஒரு தொப்பியும்

“மாமா, தம்புராவைப் பிடுங்கிவிட்டேன், பாட்டு சத்தமாகிவிட்டது” என்றான் மைத்துனன்.

அவன் பிடுங்கியது தம்புராவை அல்ல. தம்புராவின் ஒலி வந்துகொண்டிருந்த இரண்டு கேபிள்களை. மேசைக்குப் பின்னால் விழுந்த கைப்பேசியைத் தேடப் போய், முழங்கை பட்டு அவை கழன்றுவிட்டன. நான்கு ஒலிகளில் ஒன்று போனால் மொத்தச் சத்தம் குறைய வேண்டும். இங்கோ குரலும் வயலினும் மிருதங்கமும் ஒரு படி முன்னால் வந்து நின்றன. நான் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஒரு தொகையை அடித்தால் மற்றத் தொகைகள் தாமாகப் பெருகும் பேரேட்டை அதுவரை பார்த்ததில்லை.

அந்தக் கேபிள்கள் சொருகியிருந்தது, நான் கட்டிய ஒலி கூட்டும் பெட்டியில். அது பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதன் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

மாம்பலத்தில் எங்கள் வீட்டின் பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். மனைவி பாடுவாள், அவள் தம்பி மிருதங்கம் வாசிப்பான், மாடி வீட்டுப் பெண் வயலின். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மின்சார ரயில் கடந்துபோகும்வரை காத்திருந்து, இரண்டு ரயில்களுக்கு நடுவே ஒரு கீர்த்தனையைப் பிடிக்க வேண்டும். மே மாதத்தில் இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் பல்லவி எவ்வளவு நீளம் என்பது தெரியும். பதிந்தவற்றைக் கணினியில் ரீப்பர் மென்பொருளில் கலக்குவேன். கலவை சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு நல்ல பழைய ஒலித்தட்டைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், எல்லாரும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பதுபோல் தோன்றும்.

இந்தக் குறைக்கு ஒலிப்பதிவுக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் ஒரு மருந்து உண்டு. தனித்தனியாகப் பதிந்த ஒலித் தடங்களைக் கணினிக்குள்ளேயே கூட்டாதே. தனித்தனியாக வெளியே கொண்டுவந்து, மின்னழுத்தங்களாகக் கம்பியில் கூட்டு, கூட்டியதை மறுபடி உள்ளே பதிந்துகொள் என்பார்கள். இதற்கென்றே விற்கும் கருவிதான் சம்மிங் மிக்சர். இந்த மருந்துக்கு ஒரு காலத்தில் காரணமும் சொல்லப்பட்டது. பெரிய கூடங்களில் கோலோச்சிய புரோ டூல்ஸ் மென்பொருள் நீண்ட காலம் நிலைப்புள்ளி எண்களில், அதாவது தசமப் புள்ளி நகராத எண்களில், கூட்டியது. 2011-இல் வந்த எச்.டி.எக்ஸ். வன்பொருளோடுதான், புள்ளி நகரக்கூடிய 64 பிட் மிதவைப்புள்ளிக் கூட்டலுக்கு மாறியது. நான் பயன்படுத்தும் ரீப்பரும் உள்ளே 64 பிட்டில்தான் கூட்டுகிறது. அந்தத் துல்லியத்தில் நான்கு தடங்களைக் கூட்டுவதில் வரும் பிழை, வங்கிக் கணக்கில் பைசாவின் கோடியில் ஒரு பங்கைவிடச் சிறியது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினேன். ஆசைக்குத் தணிக்கை கிடையாது.

கட்டத் துணிந்ததற்கு இன்னொரு காரணம், எளிய வகைப் பெட்டிக்குள் எதுவுமே இல்லை என்பது. மின்சாரம் வேண்டாம், ஐ.சி. சில்லு வேண்டாம். ஒவ்வோர் உள்ளீட்டிலிருந்தும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர் வழியாக ஒரு பொதுக் கம்பிக்கு வர வேண்டியதுதான். அந்தப் பொதுக் கம்பியைத்தான் ஒலிக்காரர்கள் பஸ் என்கிறார்கள். கணினியின் ஒலியை வெளியே கொண்டுவரவும் உள்ளே பதியவும் என்னிடமிருக்கும் ஆடியோ இன்டர்பேஸில் எட்டு வெளியீடுகள். ஒற்றைப்படை எண்கள் இடது பஸ்ஸுக்கு, இரட்டைப்படை வலது பஸ்ஸுக்கு. நான்கு ஜோடிகள்: குரல், வயலின், மிருதங்கம், தம்புரா. எங்களுக்காகவே அளவெடுத்தது போல் இருந்தது. பேலன்ஸ்டு இணைப்பு என்பதால் ஒவ்வோர் உள்ளீட்டிலும் ஒரே ஒலி நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொரு கம்பியிலும் வரும். ஆக உள்ளீட்டுக்கு இரண்டு ரெசிஸ்டர், மொத்தம் 16. மின்சாரமே வேண்டாத மின்கருவி என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். “அப்படியானால் மின்வெட்டின்போது வேலை செய்யுமா?” என்று கேட்டாள். அது வேலை செய்யும். மற்ற எதுவும் செய்யாது.

ரெசிஸ்டர் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் தொடங்கும் அந்த நெரிசலில் கைப்பேசி உறையிலிருந்து ஆசிலோஸ்கோப் வரை எல்லாம் கிடைக்கும். 10 கிலோ-ஓம், 1 சதவீத மெட்டல் பிலிம், நூறு என்று கேட்டேன். கடைக்காரர் ஏணியில் ஏறி ஒரு டப்பாவைத் துழாவி, நீல நிறப் பட்டை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். நானும் வண்ண வளையங்களைப் பார்த்தேன்: பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. சரியான 10 கிலோ-ஓம். வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்தால் 120 ஓம் காட்டுகிறது. மீட்டர் பழுது என்று நினைத்து பேட்டரியை மாற்றினேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த ஐந்து வளையங்களை மறுமுனையிலிருந்து படித்தால் பழுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, அதாவது 120 ஓம். இரு முனைகளிலும் பழுப்பு இருப்பதால் எது தலை, எது வால் என்று அந்தச் சின்ன உருளையைப் பார்த்துச் சொல்வது கடினம். கடைக்காரர்மேல் தவறில்லை, நானும்தானே பார்த்து வாங்கினேன். மறுநாள் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

நூறு எதற்கு, 16 போதாதா என்றால், ஜோடி சேர்க்க வேண்டும். நேர்க் கம்பிக்கும் தலைகீழ்க் கம்பிக்கும் ஒரே அளவு ரெசிஸ்டர் இருந்தால்தான், வழியில் இரண்டிலும் சமமாக ஏறிக்கொண்ட மின்சார ரீங்காரம் கடைசியில் கழிபட்டுப் போகும். 1 சதவீதம் என்று எழுதியிருந்தால் 9.90-க்கும் 10.10-க்கும் நடுவே எதுவும் வரலாம். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நூறையும் அளந்து, 9.97 எல்லாம் ஒரு கிண்ணத்தில், 9.98 எல்லாம் ஒரு கிண்ணத்தில் என்று பிரித்தேன். பார்ப்பவர்களுக்குப் பைத்தியமாகத் தெரியலாம். எனக்கு ஆண்டுக் கடைசியில் ரசீதுகளை அடுக்கும் அதே நிம்மதி.

உண்மையான பாடு அலுமினியப் பெட்டியில்தான். ஒலி உள்ளே வர எட்டு ஜாக், வெளியேற மூன்று முனை கொண்ட இரண்டு எக்ஸ்.எல்.ஆர். சாக்கெட், பத்து ஓட்டை. சாதாரண டிரில்லால் மெல்லிய தகட்டில் பெரிய ஓட்டை போட முயன்றால் அது வட்டமாக வராது, முக்கோணமாக வரும். மூன்று முக்கோணங்களுக்குப் பிறகு படிப்படியாக அகலும் கூம்பு வடிவ பிட் ஒன்று வாங்கினேன். இதை முதலிலேயே வாங்குங்கள்.

சால்டரிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஓர் இடத்தைத் தவிர. மூன்றாம் உள்ளீடு, அதாவது வயலினின் இடது பக்கம், மற்றவற்றைவிட 6 டெசிபல் குறைவாக வந்தது, கூடவே 50 ஹெர்ட்ஸ் முனகல். 6 டெசிபல் என்ற எண்ணைப் பார்த்ததுமே பிடிபட வேண்டும்: பாதி. இரண்டு கம்பிகளில் ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்றொன்றில் டிரை சால்டர். ஈயம் மேலே குமிழாக உட்கார்ந்திருக்கிறதே தவிர உள்ளே ஒட்டவில்லை. சூடு காட்டி மறுபடி உருக்கியதும் முனகலும் போயிற்று, பாதியும் முழுசாயிற்று. ஜாக்குகளின் உறைமுனைகளையும் எக்ஸ்.எல்.ஆரின் 1-ஆம் முனையையும் நேரே உலோகப் பெட்டியோடு இணைத்துவிட்டேன். அந்த முனையைச் சுற்றுக்குள் கொண்டுபோய்க் குழப்புவதால்தான் பாதி வீடுகளில் ரீங்காரம் வருகிறது என்று 1995-இலேயே நீல் மன்சி என்ற பொறியாளர் விளக்கி எழுதினார். இன்றும் அதே தவறோடு கருவிகள் விற்பனைக்கு வருகின்றன.

இனி மைத்துனன் பிடுங்கிய கேபிளுக்கு வருவோம்.

பஸ்ஸில் நான்கு ரெசிஸ்டர்கள் சேர்கின்றன. குரலின் மின்னோட்டம் 10 கிலோ-ஓம் வழியாக உள்ளே வந்ததும், வெளியேறுவதற்குப் பதில் மற்ற மூன்று ரெசிஸ்டர்கள் வழியாக அடுத்த கருவிகளுக்குள் கசிகிறது. விளைவு, ஒவ்வோர் ஒலியும் நாலில் ஒரு பங்காகத்தான் பஸ்ஸை அடைகிறது. 12 டெசிபல் இழப்பு. ஒரு கேபிளை உருவினால் கசிவதற்கான ஒரு வழி அடைபடுகிறது. இப்போது மூன்றில் ஒரு பங்கு, 9.5 டெசிபல் இழப்புதான். மிச்சமுள்ள மூவரும் 2.5 டெசிபல் ஏறிவிடுகிறார்கள். பஸ்ஸை நேரே இன்டர்பேஸின் லைன் உள்ளீட்டில் சொருகியிருந்தேன். அதன் சுமையால் நிஜத்தில் ஏறியது 2 டெசிபல் வாக்கில் இருக்கும். காதுக்கு அது போதும். ஆக அது கூட்டல் பெட்டியே அல்ல, சராசரி எடுக்கும் பெட்டி. வகுபடும் எண் மாறினால் சராசரி மாறாமல் என்ன செய்யும்? பேரேட்டுக்காரனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு ஒரு பஸ்ஸுக்கு ஒரு ரெசிஸ்டர். நேர்க் கம்பிக்கும் தலைகீழ்க் கம்பிக்கும் குறுக்கே 200 ஓம் வைத்தேன். இப்போது பெரும்பாலான மின்னோட்டம் இந்தக் குறுகிய வழியாகவே ஓடுவதால், அடுத்தவன் கேபிள் இருக்கிறதா இல்லையா என்பது யாரையும் பாதிப்பதில்லை. கேபிளைப் பிடுங்கினால் மாற்றம் 0.1 டெசிபலுக்கும் குறைவு. மைத்துனனை அழைத்துப் பிடுங்கச் சொன்னேன். ஏமாற்றத்தோடு போனான்.

ஆனால் இழப்பு 12-லிருந்து 40 டெசிபலாகிவிட்டது. நூறு பங்கு சின்ன ஒலி. கேட்கக் கலவரமாக இருந்தாலும் இது வேண்டுமென்றே செய்வது. பஸ்ஸின் மின்மறுப்பு சுமார் 190 ஓம், ஒலி அளவோ நூறில் ஒரு பங்கு; மொத்தத்தில் வெளியிலிருந்து பார்க்கும் கருவிக்கு இது ஒரு மைக் போலவே தெரியும். ஆகவே மைக்கின் சிறு ஒலியைப் பெருக்கும் எந்தப் பிரிஆம்பையும் பின்னால் வைத்து இழந்ததை மீட்டுக்கொள்ளலாம். இவ்வளவு பெருக்கினால் இரைச்சல் வராதா? வரும். எந்த ரெசிஸ்டரும் அறை வெப்பத்தில் சும்மா கிடந்தாலே சிறு இரைச்சல் எழுப்பும். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் விளக்கம் தந்து, 1928-இல் இருவரும் வெளியிட்டார்கள். 190 ஓமுக்கு அது ஒரு மைக்ரோவோல்ட்டின் கால் பங்கு. 40 டெசிபல் பெருக்கிய பிறகும் பாட்டுக்கு 90 டெசிபலுக்கும் கீழே கிடக்கும். எங்கள் அறையில் சுவர்க்கடிகாரம் அதைவிட எவ்வளவோ சத்தம்.

ஒரே ஓர் எச்சரிக்கை: பிரிஆம்பில், மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் பாண்டம் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள். நான் பார்க்கவில்லை. ஸ்பீக்கரில் ஒரு ‘டப்’ கேட்டதும் நெஞ்சும் அதே ஓசையில் அடித்தது. பிறகு தாளில் போட்டுப் பார்த்தால், பிரிஆம்புக்குள் இருக்கும் 6.8 கிலோ-ஓமும் என் 10 கிலோ-ஓம்களும் சேர்ந்து தடுத்ததில், இன்டர்பேஸின் ஒவ்வொரு வெளியீட்டுக் கம்பிக்கும் போனது 1.3 மில்லிஆம்பியர்தான். எதுவும் கெடவில்லை. 

முதல் நாள் கேட்டபோது, சொன்னால் சொன்னதுதான், கண்ணாடித் தடுப்பு போய்விட்டது. குரலைச் சுற்றிக் காற்று. வயலின் வில்லின் உராய்வில் ஒரு மென்மை. மனைவியே எட்டிப் பார்த்து, “இது நன்றாக இருக்கிறதே” என்றாள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து போய் இரண்டு கோப்புகளின் அளவையும் மீட்டரில் பார்த்தேன். பெட்டி வழி வந்தது 0.4 டெசிபல் அதிகம். அதிலிருந்த காற்றும் மென்மையும் அந்த 0.4-தான். இவ்வளவு சிறு ஏற்றத்தை யாரும் ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று உணர்வதில்லை. ‘நன்றாக இருக்கிறது’ என்றே உணர்கிறோம். விற்பனைக் கூடங்களில் விலை அதிகமான கருவி ஏன் எப்போதும் இனிக்கிறது என்பதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது.

அளவைச் சமப்படுத்தினேன். சுற்றுவழியில் ஏற்படும் சில மில்லிநொடித் தாமதத்தையும் நகர்த்திச் சரிசெய்தேன். மைத்துனனைச் சுவர் பார்த்து உட்கார வைத்து, பத்து முறை மாற்றி மாற்றிப் போட்டு, எது பெட்டி, எது கணினி என்று கேட்டேன். ஆறு சரி. அவனுக்குப் பெருமை. காசு சுண்டிப் போட்டாலே ஆறோ அதற்கு மேலோ சரியாக வர 38 சதவீத வாய்ப்பு உண்டு என்றதும் முகம் சுருங்கியது. ஒன்றைத் தலைகீழாக்கி இன்னொன்றோடு கூட்டிப் பார்த்தேன். மிஞ்சியது மூச்சுவிடுவது போன்ற மெல்லிய சரசரப்பு. 16 ரெசிஸ்டர்களுக்கும் குறுக்கே வைத்த இரண்டுக்கும் தனிக் குரல் என்று ஒன்றும் இல்லை. கூட்டல் கூட்டல்தான்; கம்பியில் செய்தாலும் எண்ணில் செய்தாலும் விடை ஒன்றே. தொழில்முறையில் எனக்கு ஆறுதல். மற்றபடி துக்கம்.

அப்போதுதான் சாலிகிராமத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் நண்பர் ஒரு ஜோடி பிரிஆம்பை வார இறுதிக்குக் கடன் கொடுத்தார். 1970-இல் வந்த நீவ் 1073 என்ற பிரிஆம்பைப் பார்த்துக் கட்டிய நகல். உள்ளே நுழையவும் வெளியேறவும் டிரான்ஸ்பார்மர். அதை முடுக்கி, பெட்டியை அதில் சொருகினேன். மறுபடி சுவர், மறுபடி பத்து முறை. ஒன்பது சரி. காசு சுண்டினால் இது நூறில் ஒரு தடவை நடக்கும்.

“எப்படிக் கண்டுபிடித்தாய்?”

“தொப்பி, மாமா. தொப்பி கைப்பேசியில்கூடக் கேட்கும்போல் இருக்கிறது.”

மிருதங்கத்தின் இடந்தலையைத்தான் சொல்கிறான். வாசிக்கும் முன் ரவையைப் பிசைந்து அப்புவார்களே, அந்தப் பக்கம். அவன் சொன்னதில் பௌதிகம் இருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் இரும்பு தாங்கும் காந்தப் பாயத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே அளவு மின்னழுத்தத்தில் அதிர்வெண் பாதியானால் பாயம் இரட்டிக்கும். ஆகவே வயலினோ குரலோ இரும்பைத் தொந்தரவு செய்வதில்லை; தொப்பியின் ‘தொம்’ மட்டும் அதை எல்லைவரை தள்ளுகிறது. தள்ளும்போது அலையின் உச்சி மழுங்கி, மூல அதிர்வெண்ணின் மும்மடங்கு கூடவே பிறக்கிறது. தொப்பியின் ஒலியை ஸட்ஜமாக வைத்தால் மும்மடங்கு என்பது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். சிறிய ஸ்பீக்கர் மூலத்தை ஒலிக்க முடியாமல் விழுங்கினாலும் இந்தப் பஞ்சமத்தை ஒலித்துவிடுகிறது. காது அதைக் கொண்டு கீழே இல்லாததையும் ஊகித்துக்கொள்கிறது. இரும்பு செய்வது பிழைதான். ஆனால் சுருதி சேர்ந்த பிழை.

இங்கே நிறுத்தியிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். தணிக்கைப் புத்தி விடவில்லை. வேலை செய்தது பிரிஆம்ப் என்றால், அதற்கு முன்னால் எட்டுக் கேபிள் எதற்கு? நான்கு ஜோடிகளையும் கணினிக்குள்ளேயே கூட்டி, ஒரே ஜோடியாக வெளியே அனுப்பி, 40 டெசிபல் குறைத்து அதே பிரிஆம்பில் விட்டால்? குறைப்பதற்கு வேறு கருவி தேடவும் வேண்டாம். என் பெட்டியின் 1, 2 சாக்கெட்டுகளே அதைச் செய்யும். மூன்றாவது தடவையாகச் சுவர் பார்த்து உட்கார்ந்தான். எட்டுக் கேபிளா, இரண்டா? பத்தில் ஐந்து.

எட்டு வெளியீடுகளாகப் பிரித்தால் எண்களை மின்னழுத்தமாக்கும் ஒவ்வொரு மாற்றியையும் கொஞ்சம் தாராளமாக ஓட்டலாம் என்ற வாதம் ஒன்று உண்டு. ஏட்டில் சரி. ரயில் ஓடும் மாம்பலத்தில் அந்த வித்தியாசத்தை நான் கேட்கப் போவதில்லை. அப்படியென்றால் நான் கிண்ணம் கிண்ணமாக அளந்து பிரித்த ரெசிஸ்டர்களில் வேலை செய்வது இரண்டு ஜோடியும், குறுக்கே இருக்கும் இரண்டும், மொத்தம் ஆறு. மிச்சம் 12 சும்மா உட்கார்ந்திருக்கின்றன.

திங்கட்கிழமை பிரிஆம்பைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது டிரான்ஸ்பார்மர் ஒரு ஜோடிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்; விலையைக் கேட்ட பிறகு இன்னும் நிதானமாக விசாரிக்கிறேன். பெட்டி மேசைமேல்தான் இருக்கிறது, 1-இலும் 2-இலும் மட்டும் கேபிளோடு. போன வாரம் மைத்துனன் அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எனக்கும் ஒன்று கட்டிக் கொடுங்கள், மாமா.”

“உனக்கு இரண்டு சாக்கெட் போதும். ஒரு மணி நேர வேலை.”

“வேண்டாம், எட்டும் இருக்கட்டும்” என்றான். “வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள் இல்லையா?”